ஈயப் பதக்கத்தில் ஏறாதவர்கள்

ரயில் ஓடத் தொடங்கிய காலத்தில் ஒரு புதுப் பாதை திறந்தால் கூடவே ஒரு பதக்கமும் வந்துவிடும். பந்தயத்தில் ஜெயித்தவனுக்குக் கொடுக்கிற பதக்கம் இல்லை. நினைவுப் பதக்கம். காசு மாதிரி வட்டமா, காசைவிடக் கொஞ்சம் பெரிசா, ரெண்டு பக்கமும் படம், ஓரத்தில் எழுத்து, தேதி. கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் உப்புகூட வாங்க முடியாது. ஆனா அந்த நாள்ல நானும் அங்க இருந்தேன்னு பேரன்கிட்ட எடுத்துக் காட்டலாம். நாம திருவிழாவுக்குப் போனா சாமி படம் போட்ட டாலர் வாங்கிட்டு வர்றோமில்ல, கிட்டத்தட்ட அதேதான்.

இதைப் பத்தி ஒரு விவசாயி எதுக்கு எழுதணும்னு நகரத்து நண்பர்கள் கேட்கலாம். ரயில் பாதைங்கிறது இன்ஜின் வர்றதுக்கு முன்னாடி நிலம். யாரோ விட்டுக்கொடுத்த நிலம், யாரோ வெட்டிய மண், யாரோ சுமந்த கல். திறப்பு விழா அன்னைக்கு யார் பேரை எழுதினாங்க, யாரை விட்டாங்கன்னு பார்க்கிறது எங்களுக்குப் பழகின கணக்கு. உலகத்தின் முதல் ரயில் பாதைகளில் அந்தக் கணக்கு எப்படி இருந்ததுன்னு பார்த்ததைத்தான் இங்கே எழுதுறேன்.

முதலில் இங்கிலாந்து. லிவர்பூல் ஒரு துறைமுகம், மான்செஸ்டர் பஞ்சாலை நகரம். நடுவே சுமார் 50 கிலோமீட்டர். 1825லேயே ஸ்டாக்டன், டார்லிங்டன் ஊர்களுக்கு நடுவே ரயில் பாதை திறந்துவிட்டார்கள். ஆனால் அதில் நிலக்கரிதான் பிரதானம், குதிரைகளும் வண்டி இழுத்தன. ரெண்டு பெரிய நகரங்களுக்கு நடுவே, குதிரையை நம்பாமல், ஆட்களையும் சரக்கையும் நேரப்படி ஏற்றிப் போன முதல் பாதை லிவர்பூல் மான்செஸ்டர் பாதைதான். 1830 செப்டம்பர் 15 அன்று திறப்பு விழா.

அந்த விழாவை ஒட்டி வியாபாரமும் சூடு பிடித்தது. ரயில் படம் போட்ட பீங்கான் ஜாடி, கைக்குட்டை, மூக்குப்பொடி டப்பா, கூடவே பதக்கம். வசதியானவர்களுக்கு வெள்ளியிலும் வெண்கலத்திலும் பதக்கம் அடிப்பது அந்தக் கால வழக்கம். சாதாரண ஜனங்களுக்கு வெள்ளை உலோகம். பேரைக் கேட்டு ஏதோ புதுசுன்னு நினைக்காதீங்க. நம்ம வீட்டில் ரசம் வைக்கிற ஈயச்சொம்பு இருக்கே, அந்த வெள்ளீயத்தோடு வேறு கொஞ்சம் உலோகம் கலந்ததுதான். புதுசில் வெள்ளி மாதிரி பளபளக்கும். விலை குறைவு. மெத்தென்று இருப்பதால் லேசாக அழுத்தினாலே படம் பதிந்துவிடும். கீழே விழுந்தால் நசுங்கும், வருஷம் போகப் போகக் கறுக்கும். ஈயச்சொம்பை வெறும் அடுப்பில் வைத்து உருக்கிய வீடுகளுக்கு இந்த உலோகத்தின் குணம் நல்லாவே தெரியும்.

பதக்கம் அடிக்கிற வேலை பொறுமையானது. முதலில் மெதுவான எஃகுக் கட்டியில் படத்தைக் கையாலேயே செதுக்க வேண்டும். எல்லாமே இடவல மாற்றம். பாலம், இன்ஜின், எழுத்து எல்லாம் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பிச் செதுக்கணும். பிறகு அந்த எஃகைப் பழுக்கக் காய்ச்சி, சட்டென்று குளிர்வித்துக் கெட்டிப்படுத்துவார்கள். நம்ம ஊர்க் கொல்லர் அருவாளுக்குத் துவைச்சல் கொடுப்பது போலத்தான். இப்படி ரெண்டு அச்சு, ரெண்டுக்கும் நடுவே வெறும் தகடு. மேலே இருக்கும் திருகு அழுத்தியைச் சுழற்றி இறக்கினால் ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில் படம் விழும்.

இதில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனிங்க. விழா அன்னைக்கு விக்கணும்னா அச்சு அதுக்கு முன்னாடியே செதுக்கி முடிஞ்சிருக்கணும். அதாவது, பதக்கத்தில் இருப்பது நடந்த கதை கிடையாது. நடக்கணும்னு ஆசைப்பட்ட கதை. கல்யாணப் பத்திரிகை மாதிரி. பத்திரிகையில் முகூர்த்த நேரம் இருக்கும், பந்தியில் நடந்த சண்டை இருக்காது.

இந்த மாதிரி வேலைக்கு அன்றைக்குப் பேர்போன ஊர் பர்மிங்காம். பொத்தான், ஆணி, பூட்டு, பதக்கம் எல்லாம் அந்த ஊர்ப் பட்டறைகளில்தான் குவிந்தன. அங்கே மேத்யூ போல்டன் என்று ஒருத்தர். ஜேம்ஸ் வாட்டோடு கூட்டுச் சேர்ந்து நீராவி இன்ஜின் செய்து விற்றவர். 1788 வாக்கில் அதே நீராவியைக் கொண்டு நாணயம் அடிக்கும் சாலை ஒன்றை சோஹோ என்ற இடத்தில் நடத்த ஆரம்பித்தார்.

அந்த சோஹோ சாலைக்கும் நம்ம மண்ணுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்கு 1803லும் 1808லும் வெளியிட்ட 10 காசு, 20 காசு செப்பு நாணயங்கள் அங்கே அடிக்கப்பட்டு, கப்பலேறி வந்தவை. ஒரு பக்கம் கம்பெனியின் சிங்கச் சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்து, கீழே ஆங்கிலத்தில் 'கேஷ்'. நம்ம காசுங்கிற சொல்தான் அவன் எழுத்தில் கேஷ் ஆகி, நம்மகிட்டயே திரும்பி வந்தது. 1809 ஜனவரியில் அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் இந்தக் காசுகளை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பி, இங்கிலாந்துக் கரையைத் தாண்டும் முன்பே குட்வின் மணல்திட்டில் மாட்டி மூழ்கிப்போனது. இன்றைக்கும் உலகம் பூரா நாணயம் சேர்க்கிறவர்கள் கையில் அந்தக் கப்பல் காசு புழங்குகிறது. உழவு ஓட்டும்போது பழைய செப்புக்காசு கிடைத்து, அதில் சிங்கமும் 1808ம் தெரிந்தால், அது நீராவி அடித்த காசு என்று தெரிந்துகொள்ளுங்க. நம்ம ஊருக்கு ரயில் வர்றதுக்கு அரை நூற்றாண்டு முன்னாடியே நீராவி நம்ம இடுப்பு முடிச்சுக்குள் வந்துவிட்டது.

சரி, பதக்கத்துக்கு வருவோம். அதுவரைக்கும் பதக்கத்தில் ஏறியவர்கள் யார்? ராஜா, ராணி, போரில் ஜெயித்த தளபதி. 1815ல் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன் பிரபுவின் முகம் எத்தனையோ பதக்கத்தில் இருக்கு. அதே வெலிங்டன்தான் 1830ல் பிரதமர். ரயில் திறப்புக்கு வந்த பெரிய விருந்தாளியும் அவரே. ராஜாவும் தளபதியும் இருந்த இடத்தில் பாலமும் சுரங்கமும் புகைபோக்கியும் ஏறியது அன்றைக்குச் சாதாரண மாற்றம் இல்லை. அந்தப் பாதையைப் போட்ட ஜார்ஜ் ஸ்டீஃபன்சனின் அப்பா ஒரு சுரங்கத்தில் இன்ஜினுக்குக் கரி அள்ளிப் போட்ட தொழிலாளி. ஸ்டீஃபன்சனே பதினெட்டு வயசு வரைக்கும் எழுதப் படிக்கத் தெரியாதவர். அப்படிப்பட்டவர் கை வேலை பதக்கத்தில் ஏறியதைப் பார்த்தால் சந்தோஷமாத்தான் இருக்கு.

ஆனா பாதை போட்ட கதை அவ்வளவு பளபளப்பானது இல்லை. நிலம் அளக்கப் போனபோதே தகராறு. டெர்பி பிரபு, செஃப்டன் பிரபு மாதிரி பெரிய நிலக்காரர்கள் தங்கள் காவலாட்களை விட்டு அளவைக்காரர்களை விரட்டினார்கள். கால்வாயில் படகு ஓட்டிச் சம்பாதித்தவர்களும் எதிர்த்தார்கள். பசு பால் கறக்காது, கோழி முட்டை போடாது, புகையில் பயிர் கருகும் என்றெல்லாம் பேச்சு கிளம்பியது. 1825ல் பார்லிமெண்ட் கமிட்டியில் ஸ்டீஃபன்சனை நிற்க வைத்து வக்கீல்கள் கேள்வி கேட்டே திணறடித்தார்கள். அவருடைய அளவுகளில் தப்பு இருந்ததும் வெளியே வந்தது. அந்த வருஷம் மசோதா செத்தது. வேறு ஆட்களை வைத்து அளந்து 1826ல்தான் அனுமதி கிடைத்தது.

அந்த விசாரணையைப் பத்தி ஒரு கதை சொல்வார்கள். தண்டவாளத்தில் மாடு குறுக்கே வந்துட்டா சங்கடமாச்சேன்னு ஒருத்தர் மடக்க, ஆமாம், மாட்டுக்கு ரொம்பச் சங்கடம்தான்னு ஸ்டீஃபன்சன் பதில் சொன்னாராம். சபை சிரித்திருக்கும். மாடு வைத்திருப்பவனுக்குச் சிரிப்பு கொஞ்சம் லேட்டாத்தான் வரும்.

அளவு முடிந்து வேலை தொடங்கியதும் பெரிய சோதனை சாட் மாஸ் என்ற சதுப்பு நிலம். பாதையில் ஏழு கிலோமீட்டருக்கு மேல் அதுதான். கொட்டுகிற மண்ணையெல்லாம் விழுங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் குச்சிகளைப் பின்னிப் படல் செய்து, புதர்ச்செடிகளைக் கட்டுக் கட்டாகப் பரப்பி, அதன் மேல் மண்ணும் சரளையும் போட்டு, பாதையைச் சேற்றின் மேல் மிதக்க விட்டார்கள். வடிகாலுக்கு மண் குழாய் தாங்காது என்று பழைய தார்ப் பீப்பாய்களை வரிசையாக வைத்துக் கோர்த்தார்கள். சேத்து வயலில் வண்டி இறங்காமல் இருக்க நாம தென்னை மட்டையும் வைக்கோலும் போடுவோமே, அதே யோசனைதான், அளவு மட்டும் பெரிசு. அதைச் செய்தவர்கள் மண்வெட்டியோடு வந்த கூலியாட்கள். முன்பு கால்வாய் வெட்டியவர்கள் என்பதால் அவர்களுக்கு நேவி என்று பெயர். மண் சரிந்தும் பாறை விழுந்தும் அவர்களில் பலர் செத்துப்போனார்கள்.

இப்போ விழா நாளுக்கு வருவோம். லிவர்பூலிலிருந்து எட்டு ரயில்கள் கிளம்பின. வெலிங்டனும் முக்கிய விருந்தாளிகளும் இருந்த ரயில் ஒரு பாதையில். மற்ற ஏழும் பக்கத்துப் பாதையில். பாதிவழியில் பார்க்சைடு என்ற இடத்தில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க நின்றார்கள். யாரும் கீழே இறங்க வேண்டாம் என்று முன்பே அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். அப்படியும் பெரிய மனிதர்கள் பலர் இறங்கித் தண்டவாளத்தில் நடமாடினார்கள்.

அதில் ஒருவர் வில்லியம் ஹஸ்கிசன். லிவர்பூல் எம்.பி., முன்னாள் மந்திரி, இந்த ரயிலுக்கு ஆதரவாக நின்றவர். 1828ல் வெலிங்டனோடு மனஸ்தாபமாகிப் பதவியை விட்டிருந்தார். இந்த நல்ல நாளில் சமாதானம் ஆகிவிடலாம் என்று வெலிங்டன் இருந்த பெட்டிக்கு அருகே போய்க் கை கொடுத்தார். அந்த நேரம் பக்கத்துப் பாதையில் ராக்கெட் இன்ஜின் வந்துவிட்டது. ஆளாளுக்குக் கத்தினார்கள். ஹஸ்கிசன் பெட்டியின் கதவைப் பிடித்துத் தொங்க, கதவு விரிந்து அவரை எதிர்ப் பாதைக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தியது. ராக்கெட்டுக்குப் பிரேக் கிடையாது. காலின் மேல் ஏறிவிட்டது. ஸ்டீஃபன்சனே வேறொரு இன்ஜினை ஓட்டி, மணிக்கு 55 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் அவரை எக்கிள்ஸ் ஊருக்குக் கொண்டுபோனார். அன்று இரவே ஒரு பாதிரியார் வீட்டில் அவர் உயிர் போனது.

விழா அத்தோடு நிற்கவில்லை. மான்செஸ்டரில் காத்திருந்த கூட்டம் கலைந்தால் கலவரமாகும் என்று பயந்து ரயிலை மேலே ஓட்டினார்கள். அங்கே வேறு மாதிரி வரவேற்பு. அவ்வளவு பெரிய நகரத்துக்கு அன்றைக்குப் பார்லிமெண்டில் ஒரு எம்.பி.கூடக் கிடையாது. 1819ல் வாக்குரிமை கேட்டு அமைதியாகக் கூடிய ஜனங்கள் மேல் குதிரைப்படையை ஏவிய பீட்டர்லூ படுகொலை நடந்ததும் அங்கேதான். வெளிநாட்டுத் தானியத்துக்கு வரி போட்டு ரொட்டி விலையை ஏற்றிய சட்டத்தின் மேலும் ஆத்திரம். கூட்டம் பிரதமரைப் பார்த்துக் கூச்சலிட்டது. வெலிங்டன் பெட்டியை விட்டு இறங்கவே இல்லை.

அன்றைக்கு ரயிலில் போன ஃபேனி கெம்பிள் என்ற நடிகை தன் நினைவுகளில் ஒரு காட்சியை எழுதி வைத்திருக்கிறார். கூட்டத்துக்கு மேலே உயரமான இடத்தில் ஒரு தறியைப் போட்டு, அதில் கந்தலுடுத்திய, பட்டினி கிடந்த நெசவாளி ஒருவரை உட்கார வைத்திருந்தார்களாம். இயந்திரம் வந்ததில் யார் வாழ்ந்தது, யார் கெட்டது என்று வண்டியில் வரும் பெரிய மனிதர்களுக்குக் காட்டுவதற்காக. எனக்கு அந்த நாளின் உண்மையான பதக்கம் அந்தத் தறிதான் என்று தோணுது. அந்த ரயில் ஏற்றிப் போன பஞ்சில் பெரும்பகுதி அமெரிக்காவில் அடிமைகள் பறித்தது. நெய்து வந்த மலிவு விலைத் துணி நம்ம ஊர் நெசவாளிகளின் தறியையும் முடக்கியது. பதக்கத்தின் ரெண்டு பக்கத்திலும் இதுக்கெல்லாம் இடம் இல்லை.

ஆனா ஒருத்தருக்கு மட்டும் இடம் கிடைத்தது. ஹஸ்கிசன் இறந்ததும் அவர் முகம் போட்ட நினைவுப் பதக்கங்கள் வந்தன. ஒரே ரயில், ஒரே நாள். திறப்புக்கு ஒரு பதக்கம், சாவுக்கு ஒரு பதக்கம். அவர் அனுதாபத்துக்குரியவர்தான், நான் மறுக்கலை. ஆனா அதற்கு முன்பே சுரங்க ரயில்களிலும் இதே பாதை வேலையிலும் பல கூலிக்காரர்கள் செத்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு குண்டுமணி ஈயம்கூடச் செலவாகவில்லை.

இங்கிலாந்து மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் 1835 டிசம்பர் 7 அன்று நியூரம்பர்க்கிலிருந்து ஃபூர்த் வரை முதல் நீராவி ரயில் ஓடியது. ஆறு கிலோமீட்டர்தான். ஆட்லர், அதாவது கழுகு என்று பேர் வைத்த இன்ஜின் ஸ்டீஃபன்சன் பட்டறையிலிருந்து கழற்றிய பாகங்களாகப் பெட்டியில் வந்தது. ஓட்டுநர் வில்லியம் வில்சனும் இங்கிலாந்துக்காரர். பவேரிய அரசர் முதலாம் லுட்விக்குக்கு முக்கியமான சம்பவங்களை வெள்ளித் தாலர் நாணயத்தில் பதிக்கும் வழக்கம் உண்டு. டாலர் என்ற சொல்லே இந்தத் தாலரிலிருந்து வந்ததுதான். இந்த ரயிலுக்கும் ஒரு தாலர் அடித்தார். ஜெர்மனியில் நீராவி வண்டியோடு ஓடிய முதல் ரயில் என்று அதில் பெருமையாக எழுதியிருக்கு.

உண்மை என்னன்னா, அந்தப் பாதையில் ஆரம்ப காலத்தில் பெரும்பாலான நடைகளுக்கு வண்டி இழுத்தது குதிரை. நிலக்கரியை சாக்சனியிலிருந்து கொண்டுவர வேண்டும், விலை கட்டுப்படியாகாது. அதனால் இன்ஜினுக்குத் தினமும் சில நடை, மீதியெல்லாம் குதிரைக்கு. 1862 வரைக்கும் குதிரை அங்கே வேலை பார்த்தது. தாலரில் நீராவி வண்டிக்குப் பெருமை, தினசரி பாரம் குதிரைக்கு. டிராக்டர் வாங்கின புதுசில் அதற்கு மாலை போட்டுப் படம் எடுத்துவிட்டு, டீசல் காசு இல்லாத நாளில் ஏர் மாட்டைப் பூட்டின வீடுகள் எங்க பக்கம் நிறைய.

இன்னொன்று ஆஸ்திரியா. வியன்னாவிலிருந்து ட்ரியஸ்ட் துறைமுகம் வரை தெற்கு ரயில் பாதை 1857ல் முழுசா முடிந்தது. அதற்காக வெளியிட்ட ரெண்டு தாலர் வெள்ளி நாணயத்தில் ரயில் இன்ஜினும் கப்பலும் ஒரே பக்கத்தில் சேர்ந்து இருக்கு. மலைநாட்டைக் கடலோடு சேர்த்தோம் என்று அர்த்தம். அந்தப் பாதையின் நடுவே செம்மரிங் மலை. 1848லிருந்து 1854 வரை அங்கே 41 கிலோமீட்டர் பாதையை சுரங்கமும் பாலமுமாக அமைத்தார்கள். கார்ல் ஃபான் கெகா என்ற பொறியாளரின் பேர் அதனால் நிலைத்தது. அவர் சாதனையும் பெரிசுதான். வேலை செய்தவர்கள் சுமார் 20,000 பேர். கொட்டகைகளில் பரவிய காலராவும் டைஃபஸ் காய்ச்சலும் நூற்றுக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது. அவர்கள் வெட்டிய சுரங்கங்கள் வழியாக இன்றைக்கும் ரயில் போகிறது.

இதையெல்லாம் வைத்து, பதக்கம் பொய் சொல்லுது என்று முடித்துவிட எனக்கு மனசு வரலை. அது பாவம், சின்ன வட்டம். எவ்வளவுதான் தாங்கும்? அன்றைக்கு இருந்த ஜனங்களுக்கு என்ன ஆசை இருந்தது, எதைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஈயப் பதக்கங்களில் சிலதில் மேலே ஒரு துளை இருக்கும். யாரோ ஒரு ஆலைத் தொழிலாளியோ வேலைக்காரப் பெண்ணோ அதில் கயிறு கோர்த்துக் கழுத்தில் போட்டிருக்கலாம். பெரிய மனிதர்களுக்காக நடந்த விழாவில் அந்தத் துளை மட்டும் சாதாரண ஆள் போட்ட கையெழுத்து. அதனால் பதக்கத்தைப் பத்திரமா வைக்கணும். அதைப் படிக்கிறபோது, அச்சு எப்போ செதுக்கினாங்க, யாருக்காகச் செதுக்கினாங்கன்னு ரெண்டு கேள்வியும் கூடவே கேட்கணும்.

எங்க ஊர்ப் பக்கம் ஒரு புறவழிச்சாலை வந்தது. நல்ல சாலை, நாங்களும் அதில்தான் காய்கறி ஏற்றிப் போகிறோம். திறப்பு விழாக் கல்வெட்டில் திறந்தவர் பேர், தலைமை தாங்கியவர் பேர், முன்னிலை வகித்தவர்கள் பேர் எல்லாம் இருக்கு. சாலைக்குக் கீழே கிடக்கிற கிணறு யாருடையது, எத்தனை பேர் நெல் வயல் அதில் போச்சு என்று கல்லில் இல்லை. இன்னும் கொஞ்ச வருஷம் போனால் அதைச் சொல்லும் ஆட்களும் இருக்க மாட்டார்கள். அதனால் அந்த விவரத்தை நாங்களே ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறோம். கிழக்கே யார் வயல், மேற்கே யார் தோப்பு, எந்த வருஷம் கடைசி அறுவடை என்று. இதுவரை பதினோரு வீட்டு விவரம் சேர்ந்திருக்கு.

நகரத்தில் இருக்கிற நண்பர்கள் அடுத்த தடவை ஒரு பழைய பாலத்தையோ ஸ்டேஷனையோ கடக்கும்போது கல்வெட்டைப் படிங்க. படித்துவிட்டு, பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கிற வயசானவரிடம், இது முன்னாடி என்னவா இருந்துச்சுங்கய்யா என்று ஒரு வார்த்தை கேளுங்க. பாதிக் கதை கல்லில் இருக்கும், மீதி அவரிடம் இருக்கும்.